அத்தியாயம் 6: பழைய கணினியிலிருந்து புதியதற்கு

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று நின்றது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்து இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். ஆனால் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதலான பிராசசரும் இல்லாத கணினிகளை ஒரு நாள் மாற்றித்தான் ஆக வேண்டும். பல அலுவலகங்களுக்கு அந்த நாள் வந்துவிட்டது.

புதிய கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைப்பது பெரிய காரியமில்லை. அதில் உட்காரும் கணக்கர் நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடர வேண்டும், அதுதான் காரியம். எக்செல்லில் ஒரு மேக்ரோ, மெயிலின் அடியில் வரும் கையொப்பம், பில் பிரிண்டருக்குப் பொருத்திய காகித அளவு, பிரௌசரில் வரிசையாக வைத்த வங்கித் தளங்கள் என்று அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்தவை அந்தப் பழைய பெட்டிக்குள் இருக்கின்றன. அவற்றைச் சில்லறை என்று ஒதுக்கினால் அவருடைய முதல் வாரமே பாழாகும். அமைப்புகளும் அவருடைய உழைப்புதான் என்று கருதி நகர்த்துங்கள். இந்த அத்தியாயத்தின் ஒவ்வொரு படியும் அந்த எண்ணத்திலிருந்தே வருகிறது.

ஐந்து முதல் இருபத்தைந்து கணினிகள் வரை உள்ள அலுவலகத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்: ஆடிட்டர் அலுவலகம், மொத்த வியாபார நிறுவனம், பள்ளி அலுவலகம், சிறு தொழிற்சாலை. இங்கெல்லாம் டொமைன் சர்வர் பெரும்பாலும் இருக்காது. ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு விதமாக வளர்ந்திருக்கும்.

எது எப்படி வரும்: மூன்று வகை

வேலையைத் தொடங்கும் முன் கணினியில் உள்ள எல்லாவற்றையும் மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. நகலெடுத்தால் வருபவை: ஆவணங்கள், டெஸ்க்டாப் ஃபைல்கள், அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைல், மெயில் கையொப்பங்கள், எக்செல் மேக்ரோ, வேர்டு டெம்ப்ளேட், பிரௌசர் புக்மார்க், எழுத்துருக்கள், டேலி டேட்டா.

2. புதிதாக நிறுவினால்தான் வருபவை: மென்பொருள்கள், பிரிண்டர் டிரைவர்கள், டோக்கன் டிரைவர்கள், லைசன்ஸ்கள். 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வைத்தால் பெரும்பாலான மென்பொருள்கள் ஓடாது.

3. உரியவர் பக்கத்தில் இருந்தால்தான் வருபவை: பாஸ்வேர்டு, பின், ஓடிபி, அங்கீகாரச் செயலி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், வாட்ஸ்அப் இணைப்பு.

மூன்றாம் வகையை முதல் வகை என்று நினைத்துவிடுவதுதான் பெரும்பாலான தடுமாற்றங்களுக்குக் காரணம். குரோமின் ஃபோல்டரை முழுதாகப் புதிய கணினியில் ஒட்டினாலும் சேமித்த பாஸ்வேர்டுகள் திறக்காது. விண்டோஸ் அவற்றை அந்தப் பயனரின் லாகினோடு பிணைத்த சாவியால் மறையாக்கி வைத்திருக்கிறது. புதிய கணினியில் அதே பெயரில் ஒரு பயனரை உருவாக்கினாலும் அவர் விண்டோஸின் கண்ணுக்கு வேறு ஆள். உள்ளே அவருக்குரிய அடையாள எண் வேறு. ஃபைல் வரும், சாவி வராது.

பின் எண்ணும் இப்படித்தான். விண்டோஸ் ஹலோ பின் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. தினமும் நான்கு இலக்கங்களை அழுத்தி உள்ளே போகிறவருக்கு, பின்னால் இருக்கும் அசல் பாஸ்வேர்டு மறந்தே போயிருக்கும். புதிய கணினி அதைத்தான் கேட்கும். ஆகவே மாற்றும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே, "சார், பின் இல்லாம பாஸ்வேர்டு போட்டு ஒரு தடவை உள்ள போய்ப் பாருங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். மறந்தவர்கள் அன்றே மீட்டுக்கொள்ளட்டும்.

நாள் குறித்தல்

கணக்கு வேலை நடக்கும் அலுவலகத்தில் காலண்டரைப் பார்க்காமல் கணினியைத் தொடாதீர்கள். டிடிஎஸ் தொகை கட்ட 7-ஆம் தேதி, மாதாந்தர ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11, ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20. இவற்றுக்கு முந்தைய இரண்டு நாட்களும் சம்பளப் பட்டியல் போடும் மாத இறுதியும் வேண்டாம். மாதத்தின் 22 முதல் 26 வரையான நாட்கள் பெரும்பாலும் ஏற்றவை. ஆடிட்டர் அலுவலகம் என்றால் ஜூலை, செப்டம்பர் மாதங்களை முழுதாகத் தவிர்த்துவிடலாம்.

எல்லாக் கணினிகளையும் ஒரே சனி, ஞாயிறில் மாற்றிவிடும் ஆசையை அடக்குங்கள். முதலில் ஒன்று, அதிகச் சிக்கல் இல்லாத, பொறுமையாகப் பேசக்கூடிய ஒருவருடையது. அது ஒரு வாரம் ஓடட்டும். அதில் தெரியவரும் விடுபடல்களைப் பட்டியலில் சேர்த்த பிறகு மற்றவற்றை இரண்டு, மூன்றாக எடுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து பட்டியல் எடுத்தல்

இந்த வேலையில் ஈடு செய்ய முடியாத பகுதி இதுதான். எந்த மென்பொருளும் இதை உங்களுக்காகச் செய்யாது. ஊழியரின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். "என்னென்ன புரோகிராம் வேணும்?" என்று கேட்டால் இரண்டு பெயர்தான் கிடைக்கும். "மேடம், காலையில வந்ததும் முதல்ல எதைத் திறப்பீங்க? அப்படியே செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். கை தானாகப் போகும் இடங்கள் எல்லாம் தெரியவரும். ஒவ்வொன்றையும் எழுதுங்கள்:

- டாஸ்க்பாரிலும் டெஸ்க்டாப்பிலும் உள்ள ஐகான்கள். அலைபேசியில் திரையைப் படம் எடுத்து வையுங்கள். பலர் ஃபைலின் பெயரை நினைவில் வைப்பதில்லை. இருக்கும் இடத்தைத்தான் வைத்திருக்கிறார்கள்.
- எந்தப் பிரிண்டருக்கு எந்தக் காகிதம். பில், முகவரி லேபிள், காசோலை அச்சு.
- மாதம் ஒரு முறை, ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் திறப்பவை. போனஸ் கணக்கு, ஆண்டுக் கணக்கெடுப்பு, பழைய வருமானவரிப் படிவம். தினசரி வேலையைக் கவனித்தால் இவை கண்ணில் படாது, கேட்டால்தான் வரும்.
- நெட்வொர்க் டிரைவ்களின் எழுத்துகள். அவருக்கு அது 'இசட் டிரைவ்'தான். புதிய கணினியிலும் இசட்டாகவே இருக்க வேண்டும்.
- திரையில் ஒட்டிய ஸ்டிக்கி நோட்ஸ். கட்சிக்காரர்களின் ஜிஎஸ்டி எண், வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீடு எல்லாம் அதில் இருக்கக்கூடும். அந்தச் செயலியில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இணைக்கப்படாவிட்டால் அவை அந்தக் கணினியோடு நின்றுவிடும்.

பாஸ்வேர்டுகளை மட்டும் இந்தப் பட்டியலில் எழுதாதீர்கள், யாரிடமும் கேட்டு வாங்காதீர்கள். எந்தெந்தத் தளத்துக்கு லாகின் தேவை என்று குறித்துக்கொண்டால் போதும். உள்ளே போவது அவர் கையால் நடக்கட்டும்.

புதிய கணினியைத் தயார் செய்தல்

யார் பெயரில் கணக்கு? புதிய கணினியை முதன்முதலில் இயக்கும்போது விண்டோஸ் 11 மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கேட்கும். அவசரத்தில் ஊழியர் தம் சொந்த மெயில் முகவரியைக் கொடுத்துவிடுவார். இதை அனுமதிக்காதீர்கள். இப்போதைய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததும் டிஸ்க் மறையாக்கம் தானாகவே இயங்கத் தொடங்குகிறது. அதன் 48 இலக்க மீட்புச் சாவி, நுழைந்தவரின் கணக்கில் போய்ச் சேரும். அவர் வேலையை விட்டுப் போன பிறகு ஒரு நாள் கணினி அந்தச் சாவியைக் கேட்டால், அலுவலகத்தின் கணக்குப் புத்தகங்கள் முழுவதும் பூட்டுக்குள் இருக்கும். அலுவலகத்தின் பெயரில் உள்ள கணக்கையே பயன்படுத்துங்கள். மீட்புச் சாவியை அச்சிட்டு, முதலாளியின் பொறுப்பில் உள்ள பீரோவில் வையுங்கள்.

வாங்கும்போதே விண்டோஸ் 11 புரோ பதிப்பாகக் கேளுங்கள். அதில் அமைக்கும்போது 'வேலை அல்லது பள்ளி' வழியைத் தேர்ந்து, 'டொமைனில் சேர்' என்ற வாய்ப்பை எடுத்தால் சாதாரண லோக்கல் கணக்கு உருவாக்கலாம். இதில் இன்னொரு பயனும் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கினால் பயனர் ஃபோல்டரின் பெயர் மெயில் முகவரியின் முதல் ஐந்து எழுத்துகளாக அமைந்துவிடும். லோக்கல் கணக்கில் நாம் வைத்த பெயரே நிற்கும். பழைய ஃபோல்டர் பெயரையே இங்கும் வைத்தால், எக்செல் ஷீட்டுகளுக்குள் ஒன்றையொன்று சுட்டும் இணைப்புகள் அறுபடாது.

நிர்வாகிக் கணக்கு ஒன்றைத் தனியாக உருவாக்கி, ஊழியருக்குச் சாதாரணப் பயனர் உரிமை மட்டும் கொடுங்கள்.

டி டிரைவ் எங்கே? நம் ஊர் அலுவலகங்களில் கணினி விற்றவரே டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்துக் கொடுத்திருப்பார். டேலி டேட்டா டி-யில், ஸ்கேன் செய்தவை இ-யில் என்று ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கும். புதிய கணினி பெரும்பாலும் ஒரே சி டிரைவோடு வரும். பழைய பாதைகள் அப்படியே வேலை செய்ய வேண்டுமென்றால், நகலெடுக்கும் முன்பே 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' வழியாக சி-யைச் சுருக்கி டி-யை உருவாக்குங்கள்.

தேதியும் எண்ணும். பகுதி அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் 03/04/2026 என்பதை எக்செல் மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். வங்கி ஸ்டேட்மென்ட்டைப் படிக்கும்போது 12-ஆம் தேதி வரை நாளும் மாதமும் இடம் மாறிவிடும். 13-ஆம் தேதியிலிருந்து வருபவை தேதியாகவே ஏற்கப்படாமல் வெறும் எழுத்தாக நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. கணக்கு மட்டும் தப்பாகும். 'ஆங்கிலம் (இந்தியா)' என்று மாற்றி, தேதி வடிவத்தையும் 12,34,567 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளி விழுவதையும் சரிபாருங்கள்.

பிறகு விண்டோஸ் அப்டேட்களை முழுதாக முடித்துவிடுங்கள். ஊழியர் உட்கார்ந்த முதல் நாளில் கணினி தானாக அணைந்து எழக் கூடாது.

நகலெடுத்தல்

விண்டோஸ் 7 காலத்தில் 'ஈஸி டிரான்ஸ்ஃபர்' என்ற கருவி விண்டோஸுடனேயே வந்தது. விண்டோஸ் 10-இல் அதை எடுத்துவிட்டார்கள். பெரிய நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் 'யூசர் ஸ்டேட் மைக்ரேஷன் டூல்' இன்றும் இருக்கிறது. 'ஸ்கேன்ஸ்டேட்' கட்டளை பழைய கணினியிலிருந்து பயனரின் ஃபைல்களையும் அமைப்புகளையும் திரட்டும். 'லோட்ஸ்டேட்' அவற்றைப் புதியதில் இறக்கும். ஐம்பது, நூறு கணினிகள் என்றால் அதைக் கற்றுக்கொள்வது லாபம். அதுவும் மென்பொருள்களையோ டிரைவர்களையோ பாஸ்வேர்டுகளையோ கொண்டுவராது என்பதை நினைவில் வையுங்கள். பத்துக் கணினிகளுக்குக் கையால் செய்வதே தெளிவு.

படிகள் இவை:

1. பழைய கணினியை முழுதாக ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். மாற்றும் வேலைக்கான நகல் வேறு, இது வேறு. இதைத் தொடாமல் வைக்க வேண்டும்.

2. ஊழியர் எல்லா மென்பொருள்களையும் மூடட்டும். அவுட்லுக்கோ டேலியோ திறந்திருக்கும்போது எடுத்த நகலை நம்ப முடியாது.

3. ஃபைல் எக்ஸ்புளோரரில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். பயனர் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஆப்டேட்டா' அப்போதுதான் தெரியும். அமைப்புகளில் பாதி அதற்குள்தான்.

4. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றை எடுங்கள். சி டிரைவின் வேரிலும் டி, இ டிரைவ்களிலும் ஊழியர் தாமே உருவாக்கிய ஃபோல்டர்களையும் சேருங்கள்.

5. ஒன்டிரைவ் இயங்கினால், ஐகானில் மேகக் குறி உள்ள ஃபைல்கள் டிஸ்க்கில் இல்லை, இணையத்தில்தான் இருக்கின்றன. அவை எந்தக் கணக்கைச் சேர்ந்தவை என்று முதலில் பாருங்கள். ஊழியரின் சொந்தக் கணக்காக இருந்தால், 'எப்போதும் இந்தச் சாதனத்தில் வை' என்று கொடுத்து, இறங்கி முடிந்த பிறகு நகலெடுங்கள்.

6. அளவு பெரிதாக இருந்தால் இழுத்துவிடும் முறை வேண்டாம். 'ரோபோகாப்பி' கட்டளையைப் பயன்படுத்துங்கள். உட்ஃபோல்டர்களைச் சேர்க்க 'இ', சுற்றிச் சுற்றி வரும் இணைப்பு ஃபோல்டர்களைத் தவிர்க்க 'எக்ஸ்ஜே', படிக்க முடியாத ஃபைலில் நெடுநேரம் நிற்காமல் நகர 'ஆர்:1', 'டபிள்யூ:1', பதிவுக்கு 'லாக்' ஆகிய சுவிட்சுகள் போதும். 'எம்ஐஆர்' சுவிட்சைத் தொடாதீர்கள்; மூலத்தில் இல்லாத ஃபைல்களைச் சேருமிடத்தில் அது அழித்துவிடும்.

7. முடிவில் வரும் அட்டவணையில் தோல்வியுற்றவை எத்தனை என்று பாருங்கள். பூஜ்யம் இல்லையென்றால் பதிவைத் திறந்து, எந்த ஃபைல் என்று கண்டுபிடியுங்கள்.

பழைய பயனர் ஃபோல்டரை முழுவதுமாகப் புதியதன் மேல் ஒட்டுவது வேண்டாம். அதன் வேரில் உள்ள 'என்டியூசர்.டாட்' என்ற ஃபைல் அந்தப் பயனரின் ரெஜிஸ்ட்ரி. அதை மேலெழுதினால் புதிய லாகினே கெடலாம். தேவையானதை மட்டும், தெரிந்து எடுத்து வையுங்கள்.

மின்னஞ்சல்

முதலில் கேட்க வேண்டியது, மெயில் பாப் முறையில் இயங்குகிறதா, ஐமேப் அல்லது எக்ஸ்சேஞ்ச் முறையிலா என்பது. ஐமேப், எக்ஸ்சேஞ்ச் என்றால் மெயில்கள் சர்வரில் இருக்கும். புதிய கணினியில் கணக்கைச் சேர்த்தால் அவை தாமே இறங்கும். பழைய கணினியிலுள்ள ஓஎஸ்டி ஃபைல் வெறும் பிரதி. அதை எடுத்து வருவதில் பயனில்லை.

பாப் முறை என்றால் பத்து வருட மெயிலும் அந்த ஒரு கணினியின் பிஎஸ்டி ஃபைலில் மட்டுமே இருக்கக்கூடும். அது பெரும்பாலும் டாக்குமென்ட்ஸுக்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில் இருக்கும். பழைய கணினிகளில் ஆப்டேட்டாவிலும் இருக்கலாம். ஊகிக்காதீர்கள். அவுட்லுக்கின் கணக்கு அமைப்புகளில் 'டேட்டா ஃபைல்ஸ்' பகுதியைத் திறந்தால் சரியான பாதை தெரியும். பழைய ஆண்டுகளுக்கான ஆர்க்கைவ் பிஎஸ்டிகளும் அங்கேயே தெரியும். புதிய கணினியோடு வரும் 'புதிய அவுட்லுக்' வேறு மென்பொருள். பிஎஸ்டியை முழுமையாகக் கையாள கிளாசிக் அவுட்லுக்கை நிறுவ வேண்டும்.

பாப் கணக்கு இரண்டு கணினிகளிலும் ஒரே நேரத்தில் இயங்கினால் புது மெயில்கள் இரண்டிலுமாகப் பிரிந்து இறங்கிவிடும். புதியதில் கணக்கைச் சேர்க்கும் முன் பழையதில் அனுப்புதல், பெறுதலை நிறுத்திவிடுங்கள்.

கையொப்பங்கள் ஆப்டேட்டாவின் 'ரோமிங்' பகுதியில், மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள் 'சிக்னேச்சர்ஸ்' என்று இருக்கும். முகவரியின் இரண்டு எழுத்து அடித்ததும் வரும் பரிந்துரைப் பட்டியலை ஊழியர்கள் முகவரிப் புத்தகமாகவே பயன்படுத்துவார்கள், அது தனி. முக்கியமான முகவரிகளைப் பழைய கணினியிலேயே கான்டாக்ட்ஸில் சேர்த்துவிடுவதே நம்பகமான வழி.

எக்செல், வேர்டு, பிரௌசர்

எக்செல்லில் எந்த ஃபைலைத் திறந்தாலும் கிடைக்கும் மேக்ரோக்கள் 'பெர்சனல்' என்ற மறைந்த எக்செல் ஃபைலில் இருக்கின்றன. அது ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், எக்செல், 'எக்ஸ்எல்ஸ்டார்ட்' என்ற பாதையில் கிடைக்கும். தொகையை எழுத்தில் மாற்றும் மேக்ரோ போன்றவை பெரும்பாலும் இங்கேதான். வேர்டின் 'நார்மல்' டெம்ப்ளேட் 'டெம்ப்ளேட்ஸ்' ஃபோல்டரிலும், ஊழியர் சேர்த்த சொற்களின் அகராதி 'யூப்ரூஃப்' ஃபோல்டரிலும் இருக்கும்.

ஃபயர்ஃபாக்ஸில் புரொஃபைல் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்தால் புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் வந்துவிடும். குரோமிலும் எட்ஜிலும் கணக்கின் வழி ஒத்திசைவுதான் நல்ல வழி. ஆனால் எந்தக் கணக்கு என்று பாருங்கள். ஊழியரின் சொந்த ஜிமெயிலோடு ஒத்திசைந்தால் அலுவலகத்தின் வங்கி, வரித் தள பாஸ்வேர்டுகள் அவர் வீட்டுக் கணினிக்கும் போகும். ஏற்றுமதி செய்து எடுத்தால் பாஸ்வேர்டுகள் யாரும் படிக்கக்கூடிய ஃபைலாக வெளிவரும். இறக்குமதி முடிந்த நிமிடமே அதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

தமிழ் எழுத்துருவும் விசைப்பலகையும்

தமிழில் கடிதம் அடிக்கும் அலுவலகத்தில் இதை விட்டுவிட்டால் முதல் நாளே வேலை நிற்கும். பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதத்தை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பயந்து அழித்துவிடக் கூடாது. எழுத்துருவை நிறுவினால் எழுத்து திரும்பிவிடும்.

எழுத்துருக்கள் இரண்டு இடங்களில் இருக்கும். எல்லோருக்குமாக நிறுவியவை விண்டோஸின் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரில் இருக்கும். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலிருந்து ஒருவருக்கு மட்டும் நிறுவும் வசதி வந்தது. அப்படி நிறுவியவை அவருடைய ஆப்டேட்டாவில், 'லோக்கல்' பகுதியில் இருக்கும். இரண்டையும் பாருங்கள். விலை கொடுத்து வாங்கிய எழுத்துரு என்றால் அதன் லைசன்ஸையும் மாற்ற வேண்டும்.

இன்னொன்று, லதா எழுத்துரு. விண்டோஸ் 2000 காலம் முதல் யூனிகோடு கடிதங்கள் பல இதில் அமைந்தவை. விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் விருப்பக் கூறாக மாறிவிட்டன. புதிய கணினியில் தமிழை மொழியாகச் சேர்த்தாலோ, 'தமிழ்த் துணை எழுத்துருக்கள்' என்ற விருப்பக் கூறை நிறுவினாலோதான் வரும். இல்லையென்றால் விண்டோஸ் வேறொரு தமிழ் எழுத்துருவை இட்டுக்காட்டும். எழுத்து தெரியும், ஆனால் வரி நீளம் மாறி, ஒரு பக்கத்தில் அடங்கிய படிவம் இரண்டு பக்கமாகும்.

விசைப்பலகையில் ஒருவரின் விரல் பழக்கத்தை மாற்றச் சொல்லாதீர்கள். தமிழ்99 பழகியவருக்கு விண்டோஸ் 11-லேயே அந்த அமைப்பு உண்டு. அஞ்சல் அமைப்பும் உண்டு. பழைய தட்டச்சு முறையில் அடிப்பவருக்கு அவர் பயன்படுத்திவந்த மென்பொருளையே நிறுவிக் கொடுங்கள். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றது. இன்னும் பயன்பாட்டில் உள்ள கடித மாதிரிகளையாவது இந்த வாய்ப்பில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. அசல் ஃபைலை வைத்துக்கொண்டு, பிரதியை மாற்றுங்கள்.

டேலியும் டிஜிட்டல் கையொப்பமும்

டேலியில் டேட்டா வேறு, லைசன்ஸ் வேறு. டேட்டா ஃபோல்டருக்குள் எண்களையே பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. டேலியைத் திறந்து, அது எந்தப் பாதையைச் சுட்டுகிறது என்று பார்த்த பிறகே நகலெடுங்கள். பழைய பேக்கப் ஒன்றை நடப்புக் கணக்கு என்று நினைத்து எடுத்து வருவது எளிதில் நேரக்கூடிய ஆபத்து. நகலெடுத்த பின் இரண்டு கணினிகளிலும் ஒரே கம்பெனியின் கடைசி வவுச்சர் எண்ணையும் டிரையல் பேலன்ஸையும் ஒப்பிடுங்கள். அதன்பின் பழையதில் யாரும் பதிவு போடாதபடி அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றிவிடுங்கள்.

லைசன்ஸைப் பழைய கணினியில், இணைய இணைப்போடு 'சரண்டர்' செய்த பிறகே புதியதில் செயல்படுத்த வேண்டும். பழைய கணினியை முதலில் ஃபார்மேட் செய்துவிட்டால் சேவைப் பங்குதாரரைத் தேடிப் போக வேண்டியிருக்கும். அலுவலகத்துக்கென்று எழுதி வாங்கிய டிடிஎல் ஃபைல்கள், பில் வடிவமைப்புகள் இருந்தால் அவற்றையும் எடுங்கள்.

டிஜிட்டல் கையொப்பத்தின் அந்தரங்கச் சாவி கணினியில் இல்லை, யூஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கிறது. எனவே புதிய கணினிக்குத் தேவை அந்த டோக்கனுக்குரிய டிரைவரும், வரித் தளம் கேட்கும் கையொப்ப மென்பொருளும் மட்டுமே. ஜிஎஸ்டி தளத்துக்கு அது எம்சைனர். இரண்டு எச்சரிக்கைகள்: பின்னைத் தவறாகத் தொடர்ந்து அடித்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும், டோக்கன் மென்பொருளில் 'இனிஷியலைஸ்' என்று இருப்பதை அழுத்தினால் சாவி அழிந்துபோகும், திரும்ப வராது. டோக்கனுக்கு உரியவர் தாமே பின்னை அடிக்கட்டும். நிலுவைத் தேதி வரும் முன்பே, தளத்தில் நுழைந்து கையொப்பம் வரை ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

பிரிண்டர், ஸ்கேனர், பொது ஃபோல்டர்

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருந்தால் புதிய கணினியில் அதற்கான போர்ட் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். பில்லுக்காக உருவாக்கிய தனிக் காகித அளவு பழைய கணினியில் உள்ளது. மில்லிமீட்டர் கணக்கைக் குறித்துக்கொண்டு புதியதில் மறுபடி உருவாக்க வேண்டும். 'இயல்பான பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்' என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். இல்லையெனில் கடைசியாக அச்சிட்ட பிரிண்டரே இயல்பானதாகி, பில் லேசர் பிரிண்டரில் வந்து விழும்.

ஜெராக்ஸ் இயந்திரம் ஸ்கேன் செய்ததை ஒருவரின் கணினி ஃபோல்டருக்கே அனுப்பும்படி அமைத்திருந்தால், இயந்திரத்தின் முகவரிப் பட்டியலில் பழைய கணினியின் பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும். அங்கும் போய் மாற்ற வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல் நெட்வொர்க் பகிர்வில் பாதுகாப்பு இறுக்கப்பட்டுள்ளது. பாஸ்வேர்டு இல்லாமல் திறந்துவந்த பழைய நெட்வொர்க் டிஸ்க், புரோ பதிப்பில் திறக்க மறுக்கலாம். பாதுகாப்பைத் தளர்த்துவதற்கு முன், அந்த டிஸ்க்கில் ஒவ்வொருவருக்கும் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்க முடியுமா என்று பாருங்கள்.

ஒப்படைத்தல்

எல்லாம் முடிந்ததும் "சரியா இருக்கு, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து இவற்றை ஊழியர் கையால் செய்யச் சொல்லுங்கள்:

- ஒரு மெயில் அனுப்பி, ஒன்றைப் பெறுதல். பழைய ஆண்டு மெயில் ஒன்றைத் தேடி எடுத்தல்.
- டேலியில் ஒரு பில் போட்டு அச்சிட்டு, பிறகு நீக்குதல்.
- தமிழில் ஒரு வரி அடித்தல். பழைய தமிழ்க் கடிதம் ஒன்றைத் திறந்து அச்சிடுதல்.
- வங்கித் தளத்திலும் வரித் தளத்திலும் நுழைதல்.
- ஒரு தாளை ஸ்கேன் செய்து, அது வந்து சேரும் ஃபோல்டரைத் திறத்தல்.
- வாட்ஸ்அப்பை இணைத்து, அலைபேசியிலிருந்து பழைய கணினியின் இணைப்பை நீக்குதல்.

முதல் இரண்டு நாட்கள் அவர் கூப்பிடும்போது போய் நில்லுங்கள். கேட்பது சின்னதாக இருந்தாலும் எரிச்சல் காட்ட வேண்டாம். அவருடைய வேலையின் இடத்தை நாம் மாற்றியிருக்கிறோம். அது பழையபடி கைக்கு வரும்வரை துணை நிற்பதும் இந்தப் பொறுப்பில் அடக்கம்.

பழைய கணினியை என்ன செய்வது?

உடனே அழிக்காதீர்கள். நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, ஊழியரின் பெயரும் மாற்றிய தேதியும் எழுதிய சீட்டை ஒட்டி, ஒரு முழு மாதச் சுழற்சி முடியும்வரை வையுங்கள். சம்பளம், ஜிஎஸ்டி, டிடிஎஸ் மூன்றும் புதிய கணினியில் ஒரு முறை நடந்து முடிய வேண்டும். கணக்குப் பிரிவின் கணினி என்றால் ஒரு காலாண்டு வைப்பது நல்லது. எதையாவது தேடி அதைத் திறக்க நேர்ந்தால், எதற்காக என்று எழுதி வையுங்கள். அடுத்த கணினியை மாற்றும்போது அந்த வரி உதவும்.

பிறகு டிஸ்க்கை முறையாக அழிக்க வேண்டும். ஃபைலை டெலிட் செய்வதோ வேகமாக ஃபார்மேட் செய்வதோ போதாது. மீட்புக் கருவிகள் அவற்றை எடுத்துவிடும். முதலில் முழு டிஸ்க்கையும் பிட்லாக்கரால் மறையாக்கி, பிறகு விண்டோஸின் ரீசெட் வசதியில் டிரைவைச் சுத்தம் செய்யும் வாய்ப்பைத் தேர்ந்து அழிப்பது சிறு அலுவலகத்துக்கு ஏற்ற முறை. இயங்காத டிஸ்க்கைக் கழற்றி உடைத்துவிடுங்கள். கட்சிக்காரர்களின் பான் எண்ணும் ஆதார் நகலும் அதில் இருக்கின்றன. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கும் பொறுப்பை வைத்திருப்பவர் மேல் வைக்கிறது. மிஞ்சிய பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடாமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

சிஸ்டம் நோட்டு

மாற்றும்போது எடுத்த பட்டியலைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு நோட்டில் கணினிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: யாருடையது, வாங்கிய தேதி, எந்த மென்பொருள்கள், லைசன்ஸ் யார் பெயரில், மெயில் எந்த முறை, பிஎஸ்டி எங்கே, எந்தப் பிரிண்டருக்கு எந்தக் காகிதம், மீட்புச் சாவி எந்த பீரோவில். புதிதாக எதையாவது நிறுவும் நாளிலேயே ஒரு வரி சேருங்கள். கணினி மாற்றுவதற்கு மட்டுமல்ல, ஒரு நாள் காலையில் டிஸ்க் எழாமல் போனாலும் உங்களுக்கு வழி சொல்வது இந்தப் பக்கம்தான். முதல் கணினியின் பக்கத்தை இன்றே எழுதத் தொடங்குங்கள். புதிய கணினி வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டாம்.